சீல் பிரிக்காத எட்டு பாட்டில்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் பயண அலுப்பு தீர்ந்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரியம் முடிந்து நீங்கள் இருவரும் கிளம்பிய மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்து செய்ய ஒன்றுமில்லை. இந்த வாரம் ஒரு மாவு மில், இரண்டு ஆய்வுக்கூடம், ஒரு கூரியர் கிடங்கு. மொத்தம் பதினான்கு தராசுகளைச் சரிபார்த்தேன். மூன்று பிழை காட்டின. சரிசெய்து சான்றிதழ் கொடுத்துவிட்டேன்.

படிக்கட்டுத் திருப்பத்தில் வீட்டுக்காரர் புது விளக்குப் போட்டிருக்கிறார். இருட்டால்தான் உங்கள் தங்கை விழுந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவள் விழுந்தது காலை பதினொரு மணிக்கு. அவளை முதலில் பார்த்த கீழ்வீட்டுத் தையல்காரர், இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

கால் மரத்துப்போகிறது என்று கடைசியாக அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோமே, அதன் முடிவு தபாலில் வந்தது. குறிப்பிடும்படி எதுவும் இல்லை.

அவள் துணிகளை இன்னும் எடுக்கவில்லை. அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

இங்க நாங்க இருக்கோம். நல்லா இருக்கோமான்னு கேட்டா மூச்சு வருது, போகுது. அவ்வளவுதான்.

உங்க லெட்டரை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "இது மாப்பிள்ளை எழுதினதா, அவரு ஆபீஸ் எழுதினதா?"ன்னு கேட்டாங்க. பதினாலு தராசாம்! எனக்கு ரிப்போர்ட் வேண்டாம் தம்பி. வாயால பேசற மாதிரி எழுதுங்க. போன்லயே பேசிடலாம்தான். ஆனா உங்க குரல் கேட்டா, பின்னாடியே "யாரு, அக்காவா? குடுங்க இப்படி"ன்னு அவ குரலும் வரும்னு காது காத்துக்கிட்டு நிக்குது. வெச்சுடறேன். அதான் மாசாமாசம் அவளுக்கு எழுதின அதே நோட்டுல உங்களுக்கு எழுதறேன்.

அவளுக்குக் குதிரைன்னு பேர் வெச்சது நான்தான். எந்தப் படியையும் ஒவ்வொண்ணா ஏறினதில்ல, ரெண்டு ரெண்டாத் தாவுவா. அந்தப் பாழாப்போன காய்ச்சல் வந்துட்டுப் போச்சே, அப்புறம் ரெண்டு வருஷமா பல்லு விளக்கிட்டு வந்தாக்கூட அரைமணி நேரம் படுக்கணும்னு ஆயிடுச்சு. எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு டாக்டருங்க சொல்லும்போது, "அப்போ நான் நார்மலான சோம்பேறி"ன்னு எழுதுவா.

ஒண்ணு கேக்கணும். நான் மாசாமாசம் பார்சல்ல வெச்ச வைட்டமின் மாத்திரையை அவ ஒழுங்கா சாப்பிட்டாளா? தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா பரவாயில்ல. சும்மாதான் கேட்டேன்.

அம்மாவுக்கும் ஒரே சோர்வு. உக்காந்தா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க.

சாப்பிடுங்க தம்பி. தராசுக்கு மட்டும் பார்த்தாப் போதாது, உங்களுக்கும் ஒரு எடை இருக்கணும்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

இதை எழுதிட்டுக் கிழிச்சுப் போடப்போறேன். அதனால நலம் விசாரிக்கல.

நீங்க மாத்திரை அனுப்பினது எனக்குத் தெரியவே தெரியாது. பார்சல்ல துணியும் லெட்டரும் வரும்னுதான் நினைச்சேன். உங்க லெட்டரைப் படிச்சப்புறம் வீடு முழுக்கத் தேடினேன். அவளோட ஓடற ஷூ வாங்கின அட்டைப் பெட்டி அலமாரிக்கு அடியில இருந்துச்சு. அதுக்குள்ள எட்டு பாட்டில். ஏழு காலி. எட்டாவதுல பாதி.

ரத்த ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு எழுதினது பொய். அவ ரத்தத்துல இருந்த பி6 வைட்டமினை அந்த மெஷினால அளக்கவே முடியல. உச்சத்தைத் தாண்டினா ஒரு கருவி என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். நம்பர் குடுக்காது. "இதுக்கு மேல"ன்னு மட்டும் அச்சடிக்கும். நான் அவளுக்குக் குடுத்துக்கிட்டிருந்த பாட்டிலை டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். "இது மட்டும்னா இவ்வளவு ஏறாதே, வேற என்ன சாப்பிட்டாங்க?"ன்னாரு. வேற ஒண்ணுமே இல்ல சார்னு அடிச்சுச் சொன்னேன். அது அளவுக்கு மேல போனா நரம்பைக் கெடுக்கும், பாதம் மரத்துப்போகும், கால் எங்க இருக்குன்னே உடம்புக்குத் தெரியாமப் போகும்னு அவரு சொன்னாரு.

உங்க பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். என்னோடது என்னவோ, உங்களோடதும் அதேதான்.

நான் ஒரு பக்கம் குடுத்திருக்கேன். நீங்க ஒரு பக்கம் குடுத்திருக்கீங்க. இதை உங்ககிட்ட எந்த வாயால சொல்றது?


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய விரும்புகிறேன்.

நீங்கள் கேட்ட மாத்திரைகளைத் தேடிப் பார்த்தேன். எட்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை. சீல் அப்படியே இருக்கிறது. மாத்திரை என்றாலே அவளுக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதனால் மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நீங்க சொன்ன மாதிரி இங்கயும் குளிர் விட்டாச்சு. அம்மா இன்னும் போர்வையை விடல.

சீல் பிரிக்கலையா. சரி.

லெட்டரை மூணு தடவை படிச்சேன். நல்லதாப் போச்சுன்னு சொல்றதா, திருட்டுக் கழுதை கடைசி வரைக்கும் என்னை ஏமாத்திட்டாளேன்னு சொல்றதா, தெரியல. "சாப்பிடறேன் அக்கா, சாப்பிடறேன்"னு லெட்டருக்கு லெட்டர் எழுதுவா.

அப்போ அந்த எட்டு பாட்டிலையும் திருப்பி அனுப்பிடுங்க. அம்மாவுக்கு ஆகும். போன வருஷத்துலேர்ந்து அம்மாவுக்கும் தினம் அதுல ஒண்ணுதான் குடுத்துக்கிட்டிருந்தேன். இப்போ சோர்வு ஜாஸ்தியாயிடுச்சேன்னு மூணாக்கிட்டேன். சின்னவளுக்குத்தான் போய்ச் சேரல. பெத்தவளுக்காவது சேரட்டும்.

மறக்காம அனுப்புங்க. காத்துக்கிட்டிருப்பேன்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் உடல்நிலை குறித்தே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அந்த மாத்திரை வேண்டாம். தயவுசெய்து உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு முறை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள்.

பாட்டில்களை அனுப்ப முடியாது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். உங்களுக்குத்தான் என்ன ஆச்சுன்னு புரியல.

பதினொரு வருஷமா மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கறேன். வைட்டமின் வாங்கிட்டுப் போய்ச் செத்துட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல. ஜாஸ்தியானா மூத்திரத்துல போயிடும், இது பால்குடிக்கற குழந்தைக்கும் தெரியும். நீங்க தராசைப் பாருங்க, மருந்தை நான் பார்த்துக்கறேன்.

தூக்கிப் போட்டுட்டீங்களாமே. பிரிக்காத பாட்டிலை எந்த மடையனாவது தூக்கிப் போடுவானா?

அம்மாவுக்கு நடந்தா பஞ்சு மேல கால் வைக்கற மாதிரி இருக்காம். பலவீனம்தான், வேற என்ன? அதுக்குத்தானே மாத்திரையே. குதிரையும் இதே மாதிரிதான் எழுதி

சரி, விடுங்க. கடைக்கு நேரமாச்சு.

காரணம் சொல்லாம நிறுத்துன்னா நான் நிறுத்தறவ இல்ல.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீங்க நல்லா இருக்கணும். இதைப் படிச்சு முடிச்சப்புறமும் நல்லா இருக்கணும்.

நேத்து போன் பண்ணேன். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அம்மாதான் எடுத்தாங்க.

"யாரு, மாப்பிள்ளையா? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா. அக்கா குடுக்கற வைட்டமின் மாத்திரையை இன்னைலேர்ந்து சாப்பிடாதீங்க."

"ஐயோ, அவ என்னைத் திட்டியே கொன்னுடுவாளே."

"திட்டட்டும். அவங்களுக்கு நான் எழுதறேன்."

அப்புறம் மெதுவா, "அவளும் இதைத்தான் சாப்பிட்டாளா?"ன்னாங்க. "வேண்டாம்மா, நிறுத்திடுங்க"ன்னு மட்டும் திரும்பச் சொன்னேன். "சரி மாப்பிள்ளை. சாப்பிடல"ன்னு வெச்சுட்டாங்க.

அம்மாவுக்கே புரிஞ்சுபோச்சு. இனிமே உங்ககிட்ட சொல்லாம இருக்கறதுல அர்த்தம் இல்ல.

எட்டு பாட்டில்ல ஏழு காலி அக்கா. எல்லாத்தையும் அவ சாப்பிட்டிருக்கா. நானும் அதே மாத்திரையை அவளுக்குக் குடுத்துக்கிட்டிருந்தேன். ரத்தத்துல மெஷின் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருந்துச்சு. நரம்பு கெட்டுப்போய்தான் கால் மரத்துச்சு. கால் மரத்துதான் விழுந்தா. விளக்கும் இல்ல, இருட்டும் இல்ல.

ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு கட்டம் போட்ட பேப்பர் ஒட்டியிருந்தேன், பார்த்திருப்பீங்க. தினம் காலைல அவ தெம்புக்குப் பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடணும். மூணு, மூணு, நாலு. "ஸ்கூல்லகூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்லைங்க"ம்பா. நான் மாத்திரையை ஆரம்பிச்சதும் ஆறு, ஏழுன்னு போட ஆரம்பிச்சா. கோடு மேல ஏறுச்சு. நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஏழு போட்ட அன்னைக்கு அவ குளிக்கக்கூட எழுந்திருக்கல. அந்த மார்க் அவளுக்கு இல்ல, எனக்குப் போட்டது.

ஆகஸ்ட்ல, "வெறுங்கால்ல நின்னாலும் சாக்ஸ் போட்ட மாதிரியே இருக்குங்க"ன்னா. வைட்டமின் குறைஞ்சா கால் மரக்கும்னு எங்கயோ படிச்சிருந்தேன். ஜாஸ்தியானாலும் மரக்கும்னு அந்தப் பக்கத்துல இல்ல, இல்லைன்னா நான் படிக்கல. ஒண்ணை ரெண்டாக்கினேன்.

எங்க வேலைல முதல் நாள் சொல்லிக் குடுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எடை வைக்கறதுக்கு முன்னாடி தட்டுல வேற ஏதாவது இருக்கான்னு பாரு. தூசு இருந்தாத் துடைப்போம். எடைக்கல்லை விரலால தொட மாட்டோம், இடுக்கியாலதான் எடுப்போம். விரல் பிசுக்குக்கூட எடை காட்டும். பத்து வருஷமா இதைச் செஞ்சுட்டு, பொண்டாட்டிகிட்ட "வேற ஏதாவது சாப்பிடறியா?"ன்னு ஒரு தடவை கேக்கல. தட்டு காலின்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

ஒரு ஆளுக்கு நாளைக்கு ரெண்டு மில்லிகிராம்கூடத் தேவையில்லையாம். ஒரு மாத்திரைல நூறு இருக்கு. என்னோடது ரெண்டு, உங்களோடது ஒண்ணு, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து முந்நூறு குடுத்திருக்கோம்.

பிரிக்கலைன்னு எழுதினது உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான். அந்தப் பொய்யால அம்மா இன்னும் ரெண்டு மாசம் முழுங்கியிருக்காங்க. நிறுத்தினா அநேகமா மெல்ல மெல்லச் சரியாகும்னு டாக்டர் சொல்றாரு. அம்மாவை உடனே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

என்னைத் திட்டியாவது எழுதுங்க.

தம்பி


மே 20

அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு? நீங்க எப்படி இருக்கீங்க?

ஏழு வாரமாச்சு. போன் பண்ணா அம்மா எடுக்கறாங்க. "அவ கடைக்குப் போறா, வரா, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறா. தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை"ங்கறாங்க. நான் தப்பா நினைக்கல.

கீழ்வீட்டுத் தையல்காரர் நேத்து கதவைச் சாத்தல. வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு. "ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும் சார்"னாரு. "கொஞ்ச காலமா அவங்க குனிஞ்சு காலைப் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவாங்க. ஒவ்வொரு படியா. அன்னைக்குக் கையில துணிக்கூடை. கால் தெரிஞ்சிருக்காது."

அவ்வளவுதான் சொன்னாரு. நான் தேங்க்ஸ்னு சொல்லிட்டு மேல வந்துட்டேன். எதுக்கு தேங்க்ஸ் சொன்னேன்னு தெரியல.

அது என் சட்டைங்க அக்கா. கூடையில இருந்தது.

தம்பி


ஜூலை 6

தம்பிக்கு,

அம்மா நல்லா இருக்காங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன். மாத்திரையை நிறுத்தி மூணு மாசமாச்சு. பஞ்சு போய் இப்போ மணல் மேல நடக்கற மாதிரி இருக்காம். "மணல் எவ்வளவோ தேவலைடி, குத்தறதாவது தெரியுது"ங்கறாங்க.

ஏன் எழுதலைன்னு கேக்க மாட்டீங்க. நானே சொல்லணும்.

நீங்க சொன்னது பொய்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலையும் பார்சல் கட்டறதுக்கு முன்னாடி நானே சீலைக் கிழிச்சு, மேல இருக்கற பஞ்சை எடுத்துட்டு, ஒரு துண்டுச் சீட்டு மடிச்சு வெப்பேன். அவளைத் திட்டி நாலு வார்த்தை. அதைப் படிக்கறதுக்காகவாவது மூடியைத் திறப்பாளேன்னு. சீல் இருக்கற பாட்டில் ஒண்ணுகூட உங்க வீட்டுக்கு வந்ததில்ல தம்பி.

இந்த மனுஷன் ஏன் பொய் சொல்றாருன்னு யோசிச்சேன். யோசிக்க ரொம்ப நேரம் ஆகல. புரிஞ்சதும் புரியாத மாதிரி இருந்துட்டேன். பாட்டிலை அனுப்புங்கன்னு கேட்டேன் பாருங்க, நீங்க மாட்டிக்கிட்டு உண்மையைச் சொல்லிடுவீங்களான்னும் பார்த்தேன், சொல்லிடக் கூடாதேன்னும் பயந்தேன். அம்மாவுக்கு நிறுத்தினா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதுக்காக ஒண்ணை மூணாக்கினேன். பெத்த தாய்க்கு.

இன்னொண்ணு இருக்கு. அதுதான் பெரிசு.

அந்த சாக்ஸ் கதையை ஆகஸ்ட்ல எனக்கும் எழுதினா. அதே லெட்டர்ல, "அவரும் இதே மாதிரி மாத்திரை குடுக்கறாரு அக்கா, ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? உன்கிட்ட வேண்டாம்னா நீ அழுவ, அவர்கிட்ட வேண்டாம்னா அவரு கோடு கீழ வந்துடும்"னு எழுதினா. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? வைட்டமின்தானே, ரெண்டையும் சாப்பிடு, என்னோடதை ரெண்டாக்கு, அவர்கிட்ட மட்டும் சொல்லாதே, எல்லாத்தையும் அளந்து பார்க்கற ஆளு, என்னோடதை நிறுத்தச் சொல்லிடுவாருன்னு. நான் குடுக்கறதும் அவ உடம்புல போய்ச் சேரணும்னு ஆசை. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு வேற எதைக் குடுக்க முடியும் சொல்லுங்க.

நீங்க கேக்க மறந்தீங்க. எங்கிட்ட அவ கேட்டா. கேட்டவளுக்கு நான் பதில் சொன்னேன்.

இனிமே நீங்க எனக்கு எழுதணும்னு ஒண்ணும் இல்ல. உடம்பைப் பார்த்துக்கங்க.

அக்கா


ஜூலை 15

அக்கா,

எழுத வேண்டியதில்லைன்னு எழுதியிருந்தீங்க. எழுதறேன். நான் இருக்கேன். அம்மாவுக்கு மணல் குத்துதுன்னு படிச்சதும், இந்த ஏழு மாசத்துல முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சேன். அப்புறம் அது சிரிப்பா இல்ல.

பாட்டிலைத் தூக்கிப் போட்டேன்னு எழுதினதும் பொய்தான். இங்கதான் இருக்கு. ஆனா உள்ள சீட்டு ஒண்ணும் இல்ல. அப்போ எங்க வெச்சிருப்பான்னு யோசிச்சேன். ஷூ பெட்டியில பாட்டில் இருந்துச்சே, ஷூ எங்கன்னு பார்த்தேன். வாசல் பக்கத்துல, எப்பவும் இருக்கற இடத்துலயேதான். ரெண்டு வருஷமா போடாத ஷூ. இடது கால் ஷூவுல கையை விட்டா, விரல் நுனிப் பக்கம் மடிச்சு மடிச்சு எட்டு சீட்டு.

உங்க கையெழுத்துக்குப் பின்பக்கம் பென்சிலால பதில் எழுதியிருக்கா. உங்களுக்கு அனுப்பாத பதில்.

நீங்க: "முழுங்குடி கழுதை." பின்னாடி அவ: "முழுங்கிட்டேன், பெரிய கழுதை."

நீங்க: "குதிரைக்குக் கொள்ளு." அவ: "குதிரை படுத்தே கிடக்கு. கொள்ளு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு."

எட்டாவதுல நீங்க, "ரெண்டு ரெண்டாச் சாப்பிடு. அவர்கிட்ட மூச்சு விடாதே"ன்னு எழுதியிருக்கீங்க. பின்னாடி அவ எழுதியிருக்கா:

"ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. அன்னைக்கு சொல்லிடப்போறேன். ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுங்க."

அவ விழுந்தது வியாழக்கிழமை.

இந்த ஒரு சீட்டை மட்டும் உங்களுக்குக் காட்டாம எடுத்து வெச்சுக்கலாம்னு ரெண்டு நாள் பார்த்தேன். ஒரு தடவை மறைச்சது போதும். எட்டும் இந்தக் கவருக்குள்ள இருக்கு. என் கையில இடுக்கி இல்ல அக்கா, விரலாலதான் எடுத்து வெச்சேன். நீங்களும் அப்படியே எடுத்துப் பாருங்க. ஒரு மாசம் உங்ககிட்ட இருக்கட்டும், அப்புறம் எனக்கு அனுப்புங்க. ஒரு மாசம் வெச்சிருந்துட்டு நான் திருப்பி அனுப்பறேன். மாசாமாசம் ஏதாவது ஒண்ணு போய் வந்துக்கிட்டு இருக்கட்டும்.

அம்மாவை ரெண்டு கையும் காலியா வெச்சுக்கிட்டுப் படி இறங்கச் சொல்லுங்க.

தம்பி